மணி கேட்ட கம்ப்யூட்டர்

அத்தியாயம் 3

கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் என்னை மதிக்கவே இல்லை. ஒரு ஃபோல்டரைத் திறக்கலாம் என்று க்ளிக் செய்தேன். திறப்பதற்குப் பதிலாக, காப்பி எடுக்கவா, அழிக்கவா, பெயரை மாற்றவா என்று நீளமாக ஒரு மெனுவை எடுத்து நீட்டியது. மறுபடி க்ளிக் செய்தேன். மறுபடி மெனு. ஓட்டல் சர்வர்கூட இத்தனை தடவை நீட்டமாட்டார்.

"மேடம், கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி மவுஸ்தான். ஆளை உள்ளேயே விடமாட்டேங்குது" என்றேன்.

மேடம் ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. டீச்சர்தான் காபியோடு ஓடி வந்தார்.

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன் தம்பி. நான் இடது கைக்காரி. மவுஸையும் இடது பக்கம்தான் வெச்சுப்பேன், பட்டனையும் மாத்திப் போட்டிருக்கேன். என் கைக்கு அதுதான் வசதி. நீங்க மத்த பட்டனை அமுக்குங்க."

அமுக்கினேன். திறந்தது. காபியும் நன்றாக இருந்தது. அந்த நிமிடமே டீச்சரை எனக்குப் பிடித்துப்போனது. யாராவது நல்ல காபி கொடுத்தால் அவர் நிரபராதி என்று முடிவு கட்டிவிடுவது என் சுபாவம். மேடத்தின் சுபாவம் நேர் எதிர். காபி கொடுத்தவர் ஏன் கொடுத்தார் என்று அவர் யோசிப்பார்.

மேடத்தைப் பற்றி இரண்டு வரி. முன்பு ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடிப்பது அவர் வேலை. எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட சோபாவில் உட்கார்ந்துகொண்டே அது எரியவில்லை என்று நிரூபித்தவர். அதனால் அவருக்கு 'இன்ஷூரன்ஸ் மேடம்' என்றே பெயர். நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் இருந்தவன். வாயை மூடினால்தான் வேலை என்று முதலாளி சொன்னதால் வேலையை விட்டவன். மேடம் என்னை 'லொடலொட' என்று கூப்பிடுவார். பாசத்தில்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான இறுதித் தேர்வுக்கு, கெமிஸ்ட்ரி வினாத்தாளைத் தயாரித்தவர் இந்த டீச்சர். தேர்வுக்கு முன்பே அந்த வினாத்தாள் பையன்களின் செல்போன்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். இன்று மாலைக்குள் யார் எடுத்தது என்று தெரியாவிட்டால் டீச்சருக்கு வேலை போகும், அப்புறம் போலீஸ். அதனால்தான் டீச்சரே மேடத்தைத் தேடி வந்தார்.

குழப்பம் எங்கே என்றால், வினாத்தாள் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போக வழியே இல்லை. வினாத்தாள் தயாரிக்கிற கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இருக்கக் கூடாது என்பது பரீட்சை ஆபீஸ் விதி. இதில் இல்லை. பாஸ்வேர்டு டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். பரீட்சை ஆபீஸ் ஆட்கள் ஏற்கெனவே வந்து, விண்டோஸ் பதிந்து வைத்திருக்கும் குறிப்புகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துவிட்டார்கள். டீச்சரைத் தவிர யாரும் உள்ளே நுழையவில்லை. பென் டிரைவ் எதுவும் செருகப்படவில்லை. நானும் பார்த்தேன். அவர்கள் சொன்னது சரிதான். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட அறையிலிருந்து பொருள் காணாமல் போயிருக்கிறது.

மேடம் சுவரில் மாட்டியிருந்த போட்டோவின் முன்னால் நின்றார். மெலிந்த பையன் ஒருவன், சிரிக்கத் தயங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பையனா?"

"ஆமாம் மேடம். வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்கான். அவங்க அப்பாவும் வேலை விஷயமா வெளியூர்தான். வீட்ல நான் மட்டும்தான்."

"என்ன படிக்கிறான்?"

"நல்லாப் படிக்கிறான்" என்றார் டீச்சர்.

வேறு எதுவும் கிடைக்கவில்லை. மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது டீச்சர் பின்னாலேயே வந்தார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல. சில நாள் ஸ்கூல் விட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டா மணி தப்பாக் காட்டுது. நான் சரி பண்ணி வெப்பேன். கொஞ்ச நாள் ஒழுங்கா இருக்கும். மறுபடி ஒரு நாள் தப்பாக் காட்டும். உள்ள இருக்கற கடிகார பேட்டரி வீக்கா இருக்கும்னு என் தம்பி புது பேட்டரிகூட போட்டுக் கொடுத்தான்."

மேடம் ஒரு செருப்போடு நின்றார். "எவ்வளவு தப்பு?"

"பின்னாடி காட்டும். ஆனா எப்பவும் ஒரே அளவுதான்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம்.

"சாகப்போற பேட்டரிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது மேடம். அது இஷ்டத்துக்கு உளறும். ஒரே அளவுல பின்னாடி போகுதுன்னா, கடிகாரம் சரியாத்தான் இருக்கு. அதைப் படிக்கிற ஆள்தான் ரெண்டு பேர்."

செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே போனோம்.

*

பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பழையது. இன்னொன்று அதற்குக் கீழே, பளபளவென்று.

"அது என் தம்பி பிறந்த நாளுக்குக் கொடுத்தது. இடம் பத்தலன்னு சொன்னேன், அவனே வாங்கி வந்து மாட்டிவிட்டான். அப்ப அவன் எங்க கூடத்தான் இருந்தான். போன வருஷம்தான் தனியாப் போனான். டியூஷன் சென்டர் வெச்சிருக்கான்" என்றார் டீச்சர். சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொன்னவர் போல உதட்டைக் கடித்தார். "வீட்டுச் சாவி ஒண்ணு இன்னும் அவன்கிட்டதான் இருக்கு."

புது டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். இரண்டு டெரா. விண்டோஸில் போய்ப் பார்த்தேன். ஒரு டெராகூட முழுசாக இல்லை.

"டப்பால போட்டிருக்கறதைவிட எப்பவும் குறைச்சலாத்தான் காட்டும்னு தம்பி சொன்னான்" என்றார் டீச்சர்.

"குறைச்சலாக் காட்டும் டீச்சர். பாதியை முழுங்காது. ஒரு கிலோ வாங்கினா கொஞ்சம் எடை குறையறது சகஜம். அரைக்கிலோதான் இருந்தா கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாம மொய் எழுதின மாதிரி."

டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் திரையைத் திறந்தேன். புது டிஸ்க் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு பாதிக்குப் பெயர் இருந்தது, அதைத்தான் டீச்சர் உபயோகித்து வந்தார். மறுபாதிக்குப் பெயரும் இல்லை, உள்ளே போக வழியும் இல்லை.

"இதென்னடா, பாகப்பிரிவினை மாதிரி இருக்கு" என்றார் மேடம்.

"அதேதான் மேடம். ஒரே வீடு, நடுவுல சுவர். அந்தப் பாதில இன்னொரு சிஸ்டம் இருக்கு, லினக்ஸ். விண்டோஸுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னே தெரியாது. ஆனா அங்கிருந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். பாஸ்வேர்டெல்லாம் கேக்காது. ஃபைலை எடுத்துட்டுப் போனாலும் விண்டோஸ் எழுதி வெச்சுக்காது. அது அப்ப தூங்கிட்டு இருக்கும்."

"சுவர் வெச்சவன் வாசலும் வெச்சிருப்பானே?"

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். திரை கண் விழிப்பதற்குள் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். வழக்கமாக நேராக விண்டோஸுக்குப் போகிற கம்ப்யூட்டர், இந்தத் தடவை நின்று கேட்டது. எந்த வாசல் வழியாகப் போகிறீர்கள் என்று இரண்டு வரிகள். இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். வேறு நிறத்தில் ஒரு திரை வந்து பாஸ்வேர்டு கேட்டது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்படி ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாது மேடம். சத்தியமாத் தெரியாது."

"அந்தக் கடிகாரம்?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"பெட்டிக்குள்ள ஒரே கடிகாரம்தான். விண்டோஸ் அதை நம்ம ஊர் மணின்னு படிக்கும். லினக்ஸ் அதை உலகப் பொது மணின்னு படிக்கும், அது நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னாடி. ஆனா சும்மா திறந்து மூடினா ஒண்ணும் மாறாது. லினக்ஸ் நெட்டுக்குப் போய், இப்ப மணி என்னன்னு கேட்டு, அதைக் கடிகாரத்துல எழுதி வெச்சாத்தான் இந்தப் பக்கம் தப்பாத் தெரியும். ஒரு செல்போனும் அதோட ஒயரும் இருந்தாப் போதும், நெட் வந்துடும்."

மேடம் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப நெட்டே பார்க்காத கம்ப்யூட்டர் வெளியில போய் யார்கிட்டயோ மணி கேட்டிருக்கு."

டீச்சர் அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல், முந்தானையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு. அம்மா போனபின் தம்பிக்குத் தலை வாரி, சட்டை தோய்த்து, படிக்க வைத்த கதையைச் சொன்னார். அவன் அப்படிச் செய்திருக்க மாட்டான் என்று சொல்லிக்கொண்டே அவன் டியூஷன் சென்டர் முகவரியை எழுதிக் கொடுத்தார்.  பிறந்த நாள் பரிசு என்று பாதி டிஸ்கைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியில் திருட்டுவாசல் வைத்தவனை நாலு அறை விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

*

டியூஷன் சென்டர் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் ரப்பர் நாற்றம். காலை வகுப்பு முடிந்து பையன்கள் போயிருந்தார்கள். நீள பெஞ்சுகளுக்கு நடுவே ஒல்லியான ஆள் ஒருவர் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பானை விட அதிகமாகக் கையால்தான் துடைப்பார் போலிருந்தது. வலது உள்ளங்கை முழுக்க நீல மார்க்கர் கறை.

மேடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். நான் அறிமுகமில்லாமலே முறைத்தேன்.

"அக்கா கம்ப்யூட்டர்ல ரெண்டாவது டிஸ்க் நீங்க போட்டதா?"

"ஆமாங்க."

"அதைப் பாதியாப் பிரிச்சு இன்னொரு சிஸ்டம் போட்டது?"

தம்பி துடைப்பானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா என்ன சொன்னாங்க?" என்று அவரே கேட்டார்.

"அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுன்னாங்க."

துடைப்பானைக் கீழே வைத்தார். உடனே எடுத்தார். சுத்தமாக இருந்த போர்டையே மறுபடி துடைத்தார்.

"தெரியாதுன்னாங்களா."

"சத்தியம் பண்ணிச் சொன்னாங்க."

"அப்ப தெரியாதுதான்" என்றார். போர்டைப் பார்த்தபடியே, "யாருன்னு தெரியலன்னா அக்காவுக்கு என்ன ஆகும்?"

"வேலை போகும். கேஸ் வரும்."

"வேற பேர் கிடைச்சா?"

"அந்தப் பேருக்கு ஜெயில். நீங்க டியூஷன் நடத்தறவர். உங்க பேரா இருந்தா இந்த பெஞ்செல்லாம் நாளைக்கே காலி. அப்புறம் எந்த ஊர்லயும் ஒரு பையனும் உங்ககிட்ட படிக்க வரமாட்டான்."

தம்பி பெஞ்சுகளைப் பார்த்தார். ஒரு பெஞ்சின் ஆடும் காலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அட்டை நகர்ந்திருந்தது. குனிந்து அதைச் சரியாகச் செருகினார். நிமிர்ந்தபோது முடிவெடுத்திருந்தார்.

"நான்தாங்க எடுத்தேன்."

எனக்கு இது போதும். மணி ஒன்று ஆகப்போகிறது, வயிறு வேறு கத்திக்கொண்டிருந்தது. ஆனால் மேடம் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "எங்ககூட வந்து, எப்படி எடுத்தீங்கன்னு அக்கா வீட்ல காட்டறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவரை ஒரு ஆட்டோவில் முன்னால் வரச் சொல்லிவிட்டு நாங்கள் காரில் பின்னால் போனோம்.

"ஓடிட்டான்னா?" என்றேன்.

"ஓடமாட்டான்."

"குற்றத்தை ஒத்துக்கிட்டவன் மேல இவ்வளவு நம்பிக்கையா?"

"லொடலொட, நான் எத்தனையோ பொய் க்ளெய்ம் பார்த்திருக்கேன். ஒத்துக்கிட்டதும் ஆளுக்கு மூச்சு வரும். இதுவரைக்கும் பூசி மெழுகினது போதும்னு தோள் இறங்கும். இவன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒத்துக்கிட்டான். அது மட்டுமில்ல. வினாத்தாள்ங்கற வார்த்தையே நான் சொல்லல. எதை எடுத்தீங்கன்னு கேட்டா என்ன சொல்லியிருப்பானோ."

"நியூஸ் பேப்பர்லயே வந்த விஷயம்தானே மேடம்?"

"அதான் நானும் சொல்றேன். அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் பேப்பர்ல வந்ததுதான்."

*

டீச்சர் கதவைத் திறந்தார். தம்பியைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் விஷயத்தைச் சொன்னார். டீச்சர் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

"உன்னை வளர்த்ததுக்கு இதாடா? என் வயித்துல பொறந்தவனை விட உன்னைத்தானே முன்னாடி பார்த்தேன். கேட்டிருந்தா எதைக் கொடுத்திருக்க மாட்டேன்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து உருண்டது. குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.  சரியான அழுத்தக்காரன் என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

"உக்காருங்க. எப்படிச் செஞ்சீங்கன்னு காட்டுங்க" என்றார் மேடம்.

தம்பி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அணைத்துப் போட்டு, சரியான நேரத்தில் பட்டனைத் தட்டி, இரண்டாவது வாசலைத் திறந்தார். பாஸ்வேர்டை அடித்தார். உள்ளே போயிற்று. போட்டவர் அவர்தான், அதில் சந்தேகமில்லை. மவுஸ் இடது பக்கம் கிடந்தது. அதை எடுத்து வலது பக்கம் வைத்துக்கொண்டார்.

"விண்டோஸ் டிஸ்க் எங்க இருக்கு? அதைத் திறங்க" என்றார் மேடம்.

தம்பி க்ளிக் செய்தார். திறக்கவில்லை. நீளமாக ஒரு மெனு வந்தது. அதை மூடிவிட்டு மறுபடி க்ளிக் செய்தார். மறுபடி மெனு. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை அழுத்திச் செய்தார். அதே மெனு.

"மவுஸ் கெட்டுப்போச்சு போலிருக்கு" என்றார்.

பசிக்கு வழியில் வாங்கியிருந்த பிஸ்கெட் என் கையிலேயே நின்றது. காலையில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி நான் முழித்தேன்.

"லொடலொட, ஒரு சந்தேகம். விண்டோஸ்ல மவுஸ் பட்டனை மாத்தி வெச்சா, அது இந்தப் பக்கமும் வந்துடுமா?"

"வராது மேடம்" என்றேன்.  "ரெண்டும் தனித்தனி வீடு. அங்க பெயின்ட் அடிச்சா இங்க ஒட்டாது. இந்தப் பக்கமும் யாராவது வந்து உக்காந்து, செட்டிங்ஸைத் திறந்து, தனியா மாத்தியிருக்கணும்."

"எங்க, திறந்து காட்டு."

காட்டினேன். மவுஸ் என்ற தலைப்பின் கீழே 'வலது கை', 'இடது கை' என்று இரண்டு கட்டம். குறி இடது கையில் இருந்தது.

 தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை என்பதை அப்போதுதான் நான் கவனித்தேன்.

"அவன்தான் மாத்தியிருப்பான்" என்றார் டீச்சர். அழுகை சட்டென்று நின்றிருந்தது. "என்னைச் சிக்க வைக்க."

"இருக்கலாம். ஆனா பொறி வெச்சவர் அதுலயே மூணு தடவை கையை விட்டு முழிக்கமாட்டார்" என்றார் மேடம். "பட்டன் மாறியிருக்கிறதே அவருக்குத் தெரியாது. அவர் கடைசியா இங்க உக்காந்தப்ப மவுஸ் வலது கையில இருந்திருக்கு. ஃபைலையெல்லாம் சுத்தமா அழிச்சுட்டீங்க டீச்சர், நான் தேடினாலும் கிடைக்காது. வசதியா இருக்கட்டும்னு முதல் நாளே பட்டனை மாத்தினது மட்டும் உங்களுக்கே ஞாபகமில்ல. கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி, தலைமுடியை ஒதுக்கற மாதிரி, உங்க கை அதுவா பண்ணிட்டுது."

டீச்சர் மேஜை மேலிருந்த இடது கையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு. திருடன் விண்டோஸை விட்டு இந்த வாசல் வழியா ஏன் வந்தான்? பரீட்சை ஆபீஸ் வந்து விண்டோஸைத்தான் பார்க்கும்னு அவனுக்குத் தெரியும். அந்த விதியெல்லாம் வினாத்தாள் எழுதறவங்களுக்கு மட்டும்தான் சொல்லித் தருவாங்க. அப்புறம் அந்தக் கடிகாரம். நான் கேக்கவே இல்ல. வாசல் வரைக்கும் வந்து நீங்களாச் சொன்னீங்க. தம்பி டிஸ்க் கொடுத்ததும், சாவி வெச்சிருக்கறதும் நீங்களாச் சொன்னதுதான். என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உங்க தம்பி வீட்டு வாசல்ல விட்டீங்க. நானும் வழி தெரிஞ்ச மாதிரி நடந்தேன்."

மேடம் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னார். இவ்வளவு வருஷத்தில் அவரை யாரும் இப்படி நடத்திக் கூட்டிப்போனதில்லை.

"அக்காவுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது தெரியுமா?" என்று தம்பியிடம் கேட்டார்.

தம்பி கீபோர்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"தெரியும்" என்றார் டீச்சரே. "மாட்டின அன்னிக்கே உக்கார வெச்சுக் காட்டினான், பாஸ்வேர்டையும் சொன்னான். பாதி உனக்கு, பாதி எனக்கு, நான் இங்க இருக்கற வரைக்கும் என் வேலையை இந்தப் பக்கம் பண்ணிக்கறேன்னான்." குரல் கறாராக இருந்தது, வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். "என் பையன் போன வருஷம் கெமிஸ்ட்ரில ஃபெயில். இந்த வருஷம் மறுபடி எழுதறான். வீட்ல யாரும் இந்தப் பரீட்சை எழுதலன்னு கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையை வாங்கினேன். தினம் ராத்திரி போன் பண்ணி, செத்துடலாம் போலிருக்கும்மான்னு அழுவான். முதல்ல ரெண்டு கேள்வி அனுப்பினேன். அப்புறம் நாலு. கடைசில முழுசா. யாருக்கும் காட்டாதேன்னு சொன்னேன். அவன் அறையில கூட இருந்தவனுக்குக் காட்டினான்."

"பையனுக்காகச் செஞ்சீங்க. அது எனக்குப் புரியுது. தம்பி பேர் எதுக்கு?"

"அவனுக்கு என்ன மேடம், கல்யாணமா, குழந்தை குட்டியா? தனிக்கட்டை. எதுவானாலும் தாங்கிப்பான். என் பையன் தாங்கமாட்டான்."

தம்பி பையிலிருந்து அந்தப் பொத்தானை எடுத்து மேஜை மேல் வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

அப்போது டீச்சரின் செல்போன் அடித்தது. பரீட்சை அதிகாரி. மாலை வரை பொறுக்க முடியவில்லை போலும். மேடம் போனை எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"நான் சொல்றதை விட நீங்களே சொல்றது உங்களுக்கு நல்லது. தானா ஒத்துக்கிட்டா கொஞ்சமாவது இரக்கம் காட்டுவாங்க. பையன் பேர் கெடாத மாதிரியும் பார்த்துச் சொல்லலாம். சொல்லுங்க."

டீச்சர் இடது கையால் போனை வாங்கினார். காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஏதாவது தெரிஞ்சுதா டீச்சர்? யாருன்னு தெரிஞ்சுதா?"

டீச்சர் தம்பியைப் பார்த்தார். நெடு நேரம் பார்த்தார். தம்பியும் அவரைப் பார்த்தார்.  காபி கொடுத்த அந்தக் காலை நேரத்து டீச்சர் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"தெரிஞ்சுடுச்சு சார்" என்றார் டீச்சர். "என் தம்பிதான்."

மேடம் ஒரே எட்டில் போனைப் பிடுங்கினார். "சார், நான் இன்ஷூரன்ஸ் மேடம் பேசறேன். இப்ப கேட்டதை எழுதிக்காதீங்க. யாரையாவது அனுப்புங்க, கம்ப்யூட்டர் ரெண்டு பக்கமும் திறந்திருக்கு. வந்து மவுஸைத் தொட்டுப் பார்த்தாப் போதும்." வைத்துவிட்டார்.

டீச்சர் நாற்காலியில் சரிந்தார். நான் தண்ணீர் எடுக்கக்கூடப் போகவில்லை. இரக்கம் வரவில்லை, சொல்லிவிடுகிறேன்.

தம்பி எழுந்தார். வலது பக்கம் இருந்த மவுஸை எடுத்து, ஒயரைச் சுற்றிக் கொண்டுவந்து, அது காலையில் கிடந்த இடது பக்கத்திலேயே வைத்தார். சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். வாசல் வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன்ல பேசறதுக்கு முன்னாடி என்னைப் பார்த்தியே அக்கா" என்றார். "நீ மன்னிப்பு கேக்கப்போறேன்னு நெனச்சேன்."

டீச்சர் நிமிரவில்லை.

"நான் வாயைத் திறப்பேனான்னு பார்த்திருக்கே."

படியிறங்கும் சத்தம் கேட்டது. மேடம் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்றார். பரீட்சை ஆபீஸ் ஆட்கள் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம், ஒருவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.